ஒரு வாய், இரண்டு பெயர்

1. முழு மெட்ச்

ஹட்டன் டவுனில் ஒரு தனியார் லேப்பில் இருபத்தெட்டு வருடம் ரத்தம் எடுத்தேன். காலை ஆறரைக்கு ஷட்டரைத் தூக்கும்போதே ஃபாஸ்டிங் சுகர்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். வெறும் வயிற்றோடு நிற்கிறவர்களிடம் நல்ல குணத்தை எதிர்பார்க்க முடியாது. அவர்களுக்கு ஊசி குத்துகிறவனிடமும் எதிர்பார்க்க வேண்டாம். அப்படி ஒரு திங்கட்கிழமை காலையில் தர்ஷினி டீச்சர் வரிசையைத் தாண்டி வந்து கவுண்டரில் ஒரு பேப்பரை வைத்தார்.

"சார், இதுக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்புனது நீங்க. நீங்களே சொல்லுங்க. நான் கலியாணம் கட்டலாமா, கட்டக் கூடாதா?"

வரிசையில் நின்றவர்கள் பசியை மறந்துவிட்டார்கள். நான் பேப்பரை எடுத்துப் பார்த்தேன். ஈமெயிலில் வந்ததை பிரிண்ட் எடுத்திருந்தார். முத்தையா என்று ஒரு பெயர், கருப்பையா என்று இன்னொரு பெயர், இரண்டுக்கும் கீழே எண்கள். எண்கள் எல்லாம் ஒன்றுபோல இருந்தன. தகப்பன் வழி முழு மெட்ச், தாய் வழி முழு மெட்ச் என்று அடியில் ஆங்கிலத்தில் போட்டிருந்தது.

விஷயம் இதுதான். தர்ஷினி கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, அங்கேயே பள்ளிக்கூடத்தில் டீச்சர். ரமேஷ் ராகலையில் மரக்கறி வியாபாரம் செய்கிறவர். இருவரும் நுவரெலியாவில் கொம்பியூட்டர் வகுப்புக்குப் போன இடத்தில் பழகி, கலியாணம் வரைக்கும் வந்துவிட்டார்கள். வீட்டில் சொன்னபோது இரண்டு வீட்டாரும் தலையில் கை வைத்தார்கள். தர்ஷினியின் அப்பாவைப் பெற்றவர் முத்தையா. ரமேஷின் அப்பாவைப் பெற்றவர் கருப்பையா. இந்த இரண்டு கிழவர்களும் ஒரே தோட்டத்தில் வேலை செய்தவர்கள், பிறந்ததிலிருந்து அண்ணன் தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டவர்கள். அண்ணன் தம்பி என்றால் பங்காளி. பங்காளி வீட்டுப் பேரப் பிள்ளைகள் என்றால் அண்ணன் தங்கச்சி முறை. ரமேஷின் அப்பா இளவயதிலேயே ராகலைக்குப் போய்விட்டதால் பிள்ளைகளுக்கு இது தெரியாமல் போயிற்று.

ஆனால் அந்த அண்ணன் தம்பி உறவு ரத்த உறவா, வாய் உறவா என்று யாருக்கும் நிச்சயமில்லை. இந்தக் கிழவர்களின் தகப்பன்மார் இரண்டு பேரும் இந்தியாவிலிருந்து ஒரே கூட்டத்தில் வந்தவர்கள். ஒரே வயிற்றுப் பிள்ளைகளா, வழியில் சேர்ந்த கூட்டாளிகளா என்று சொல்லக்கூடியவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

இந்த இடத்தில்தான் கனடா மாமா உள்ளே வந்தார். தர்ஷினியின் அம்மாவுக்குத் தம்பி. அங்கே குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் இருந்து வம்ச வரலாறு எழுதுவது அவருடைய பொழுதுபோக்கு. அவர் வரைந்த குடும்ப மரத்தைப் பிரிண்ட் எடுத்து ஒட்டினால் எங்கள் லேப் சுவர் போதாது. அவர் போனில் என்னிடம் சொன்னார்:

"நீங்க கவலைய விடுங்க. இதுக்கு சயன்ஸ் இருக்கு. கன்னத்துக்கு உள்ளாற பஞ்சால தடவி அமெரிக்கா லேப்புக்கு அனுப்புனா போதும், நூறு தலைமுறைக்கு சொல்லிருவான். நான் அப்பா வழி, அம்மா வழி ரெண்டுக்குமே காசு கட்டிட்டேன். நீங்க எடுத்து, ஒங்க முன்னால எடுத்ததுன்னு ஒரு லெட்டர் மட்டும் வச்சி அனுப்புங்க."

நான் எடுத்தேன். லெட்டரும் வைத்தேன், லேப் சீலும் குத்தினேன். அதைத்தான் தர்ஷினி இப்போது என் முன்னால் வைத்துக்கொண்டு நின்றார். ரமேஷ் வீட்டார் முதல்நாள்தான் பேச்சை முறித்துவிட்டார்கள்.

2. பிள்ளைக் காம்பராவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

மாதிரி எடுத்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இதில் என்னுடைய பங்கு எவ்வளவு என்பதைப் படிப்பவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

தொண்ணூறுகளில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே முதலாளி டொக்டர் ஒரு பாடம் சொல்லித் தந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க ஆஸ்பத்திரியில் பரிசோதனைப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்று வந்து லேப் போட்டவர். "ஆக்களின்ரை முகத்தைப் பார்த்துக்கொண்டு நிண்டால் கை நடுங்கும் காணும். நரம்பைப் பாரும், டியூப்பைப் பாரும்," என்றார். அந்தப் பாடத்தை நான் அளவுக்கு மீறிப் படித்துவிட்டேன். பஜாரில் யாராவது வணக்கம் சொன்னால் எனக்கு ஆள் அடையாளம் தெரியாது. கையை நீட்டினால் நரம்பைப் பார்த்துப் பெயர் சொல்லிவிடுவேன்.

கனடா மாமா ஏற்பாடு செய்த, மாதிரி எடுக்கும் கிட் இரண்டும் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்துக்குப் போனேன். கிழவர்களை ஹட்டனுக்கு அலைக்கழிக்க வேண்டாம் என்ற நல்லெண்ணம்தான். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காம்பராவைத் திறந்து மேசை போட்டுத் தந்தார்கள். மழை, மலையை மூடிய புகார், பகலிலேயே லைட் போட வேண்டிய இருட்டு. போனவன் அந்த இரண்டு கிட்டோடு போயிருக்கலாம். பெரிய மனசு பண்ணி சுகர் பார்க்கும் மெஷினையும் எடுத்துக்கொண்டு போனேன். லேப் சார் சும்மா சுகர் பார்க்கிறாராம் என்று செய்தி லயம் லயமாக, வரிசை வீடெல்லாம் போய், கால் மணித்தியாலத்தில் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள்.

முதலில் முத்தையாவைக் கூப்பிட்டேன். ஒரு மணித்தியாலத்துக்கு வெற்றிலை போடக் கூடாது, சாப்பிடக் கூடாது என்று சொல்லியனுப்பியிருந்தேன். மனிதர் மூன்று தடவை வாய் கொப்பளித்துவிட்டு வந்திருந்தார். டோர்ச் அடித்துப் பார்த்தேன். மேல் வரிசையில் ஒரே ஒரு பல், இடது பக்கம் சாய்ந்து நின்றது. இரண்டு கன்னத்திலும் தடவி எடுத்து டியூப்பில் போட்டு லேபல் ஒட்டினேன்.

பிறகு சுகர். ஒருவர் விரலைக் குத்த, இன்னொருவர் பிரஷர் கேட்க, ஓர் அம்மா முழங்காலைக் காட்ட, நேரம் போய்விட்டது. வெளியே ஆட்டோக்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் இரண்டாவது கிட் ஞாபகம் வந்தது. நோட்டைப் பார்த்து, தலையைத் தூக்காமலே கூப்பிட்டேன்.

"கருப்பையா!"

யாரும் வரவில்லை. மறுபடியும் கொஞ்சம் கோபமாகக் கூப்பிட்டேன்.

"கருப்பையா! இருக்காரா, இல்லையா?"

"இருக்கேனுங்க!"

தலையில் கம்பளி போர்த்திய ஒருவர் வந்து உட்கார்ந்து வாயைத் திறந்தார். டோர்ச் அடித்தேன். மேல் வரிசையில் ஒரே ஒரு பல், இடது பக்கம் சாய்ந்து நின்றது.

"என்னா தாத்தா, ஒங்க குடும்பத்துக்கே இந்த ஒத்தப் பல்லுதானா?" என்று கேட்டேன். வாயில் பஞ்சுக் குச்சி இருந்ததால் அவரால் பதில் சொல்ல முடியவில்லை. வரிசையில் யாரோ இருமினார்கள். எனக்கோ என் கண்டுபிடிப்பில் பெருமை. இதை அமெரிக்காவுக்கு அனுப்பி வேறு பார்க்க வேண்டுமா, பல்லே சாட்சி சொல்கிறதே, பங்காளிதான் என்று நினைத்துக்கொண்டு லேபலை ஒட்டினேன். அன்று எனக்கு மூளை என்ற ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை.

3. டொக்டரின் சந்தேகம்

தர்ஷினியை உட்காரச் சொல்லிவிட்டு ரிப்போர்ட்டை டொக்டரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பேப்பரை மூக்குக்குக் கிட்டப் பிடித்து இரண்டு தடவை படித்தார்.

"தகப்பன் வழி பொருந்தினால் பங்காளியாய் இருக்கலாம். அதுவும் எத்தினையாம் தலைமுறையிலை பிரிஞ்சவை எண்டு இது வடிவாச் சொல்லாது. சரி, அது கிடக்கட்டும். தாய் வழியும் ஏன் ஒரு புள்ளி பிசகாமல் பொருந்துது?"

"ரெண்டு பேருக்கும் தாய் ஒரே ஆளா இருக்குமோ டொக்டர்?"

"ரெண்டு வீட்டுப் பிள்ளையள் எண்டு நீர்தானே சொன்னீர்? கனதூரத்துச் சொந்தத்திலையும் எப்பவாவது இப்பிடி வரும்தான். ஆனால் ரெண்டு வழியும் ஒரே நேரத்திலை அச்சொட்டாப் பொருந்தினால் நான் முதலிலை லேப்பைத்தான் சந்தேகப்படுவன்."

"அந்த அமெரிக்கா லேப்பையா டொக்டர்?"

"இல்லைக் காணும், உம்மை. ரெண்டு ஆக்களின்ரை முகத்தையும் பார்த்தனீரோ?"

பல்லைப் பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. முதல் நாள் பாடத்தை அவருக்கு ஞாபகப்படுத்தலாமா என்று யோசித்தேன். அவருடைய முகத்தைப் பார்த்து அந்த யோசனையைக் கைவிட்டேன்.

4. பல் செட்

அன்று பின்னேரமே தர்ஷினியோடு தோட்டத்துக்குப் போனேன். முத்தையா வீட்டுக்குள் நுழையும் முன்பே உள்ளே சத்தம் கேட்டது. வயதான பிறகு மகனோடு ராகலையில் இருக்கிற கருப்பையா வந்திருந்தார். அவருக்குத் தகப்பன் வழி ஒன்றாக வந்ததில் எந்த மனக்குறையும் இல்லை. தாய் வழிதான் அவரைக் கொதிக்க வைத்திருந்தது.

"எங்க ஆத்தா என்னா, ரெண்டு லயத்துல புள்ள பெத்தாளா? எவன் அந்தப் பேப்பர எழுதுனவன்?" என்று கூரைத் தகரம் அதிரக் கத்திக்கொண்டிருந்தார்.

அதை எழுத வைத்தவன் வாசலில் நின்றேன்.

"டீச்சர், இவரு யாரு?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இவருதான் சார் கருப்பையா தாத்தா. நீங்கதானே இவருக்கு எடுத்தீங்க?"

உள்ளே போய் அவர் முன்னால் நின்றேன்.

"ஐயா, கொஞ்சம் வாயத் தொறங்க."

"எதுக்குங்க?"

"தொறங்க, சொல்றேன்."

திறந்தார். மேலும் கீழும் பளிச்சென்று வரிசையாகப் பற்கள்.

"இது எப்ப வச்சது?"

"செட்டுங்களா? மூனு வருசமாச்சு. மகன் நுவரெலியாவுல கட்டிக் குடுத்தான். நல்லா இருக்குங்களா?"

நல்லா இருக்கிறது என்று சொல்லிவிட்டு முத்தையா பக்கம் திரும்பினேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாத்தா, அன்னைக்கி ரெண்டாவது தடவ வாயத் தொறந்தது யாரு?"

"நான்தானுங்க."

"ஏன் தாத்தா?"

"அவன் வந்த பஸ்ஸு லேட்டுங்க. நீங்க பேரக் கூப்புட்டீங்க. ரெண்டு தடவ கூப்புட்டீங்க. ஆளு இல்லாட்டி பேர அடிச்சிருவீங்கள்ல? அதான் அவனுக்கும் சேத்து நான் பேர் குடுத்துட்டேன்."

தோட்டத்தைத் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். காலையில் வேலைக்கு ஆள் எடுப்பதைப் பெரட்டு என்பார்கள். கணக்கப்பிள்ளை நோட்டை வைத்துக்கொண்டு பெயர் கூப்பிடுவார். பிந்தி வருகிறவனின் பெயரில் கோடு விழுந்து அடிபடும், இல்லாவிட்டால் அரை நாள் வேலைதான் கிடைக்கும். அதனால் கூட்டாளி வந்துகொண்டிருக்கிறான் என்று தெரிந்தால் பக்கத்தில் நிற்பவன் குரலை மாற்றி "இருக்கேன்" என்று சொல்லிவிடுவான். அப்படிப் பெயர் கொடுத்தவனை யாரும் காட்டிக்கொடுப்பதில்லை. முத்தையா கருப்பையாவுக்காக நாற்பது வருடம் பெயர் கொடுத்திருக்கிறார்.

"தாத்தா, இது பெரட்டா?" என்று கேட்டேன். எனக்கு அழுகை வரும் போலிருந்தது.

"நோட்டு வச்சிருந்தீங்க, பேனா வச்சிருந்தீங்க, வரிசையில நிக்க வச்சீங்க, அதட்டிப் பேரு கூப்புட்டீங்க. பெறகு வேற என்னாங்க?"

எண்ணிப் பார்த்தேன், ஒன்றும் குறையவில்லை.

"சரிங்க. பேப்பர் வந்து கலியாணமே நின்னு போச்சே. அப்பவாவது ரெண்டு பேர்ல ஒருத்தர் சொல்லியிருக்கக் கூடாதா?"

கருப்பையா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எனக்காகப் பேர் குடுத்தவர நானே காட்டிக் குடுக்கணுமுங்களா?"

"எப்புடியும் ஒன்னாத்தானே வரப்போகுதுன்னு இருந்தேன்," என்றார் முத்தையா. "நாங்கதான் அண்ணன் தம்பியாச்சே."

அன்றைக்கு வரிசையில் நின்ற நாற்பது பேருக்கும் இது தெரிந்திருந்ததாம். இருமியவரும் அவர்களில் ஒருவர்தான். ஆள் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறான், அண்ணன் பெயர் கொடுத்துவிட்டார், இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

தர்ஷினி தாத்தாவின் முன்னால் வந்து நின்றார். பிறகு சொன்னார்: "அவரு பேரு அடிபடக் கூடாதுன்னு என் பேர அடிச்சிட்டீங்களே தாத்தா." சொல்லிவிட்டுச் சிரித்தார், சிரிக்கும்போதே அழுதார். முத்தையா என்ன செய்வதென்று தெரியாமல் பேத்திக்குத் தன் கம்பளியை நீட்டினார்.

கருப்பையாவுக்கு வேறு கவலை. "அப்ப எங்க ஆத்தா மேல குத்தம் ஒன்னும் இல்லீங்களே?" என்று என்னிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, அதன் பிறகுதான் தேத்தண்ணி குடித்தார்.

5. நோ மெட்ச்

கனடா மாமாவுக்கு நானே எழுதினேன். என் முன்னிலையில் எடுத்தது உண்மை, யாரிடம் எடுத்தேன் என்று நான் பார்க்கவில்லை, தவறு என்னுடையது என்று எழுதினேன். தொழிலுக்கு வந்து அவ்வளவு காலத்துக்குப் பிறகு அப்படி ஒரு கடிதம் எழுதுவது சுலபமாக இல்லை. டொக்டர் அதை வாங்கிப் படித்துவிட்டு, "இதுதான் நீர் எழுதின முதல் சரியான ரிப்போர்ட்," என்றார்.

இரண்டாவது தடவை கிட் வந்தபோது கிழவர்கள் இருவரையும் லேப்புக்கே வரவழைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தேன். அடையாள அட்டையைப் பார்த்தேன், அட்டையில் உள்ள முகத்தைப் பார்த்தேன், எதிரில் உள்ள முகத்தைப் பார்த்தேன். பெயரை நான் சொல்லாமல் அவர்களைச் சொல்லச் சொன்னேன். டொக்டர் பின்னால் கை கட்டி நின்றார். கருப்பையா பல் செட்டைக் கழற்றி முத்தையாவின் கையில் கொடுத்துவிட்டு வாயைத் திறந்தார்.

மாதக் கணக்கில் காத்திருந்து முடிவு வந்தது. தகப்பன் வழி பொருந்தவில்லை. தாய் வழியும் பொருந்தவில்லை. இரண்டு பேரும் வேறு வேறு வம்சம். கனடா மாமா தன் மரத்தை இரண்டாக வெட்டப்போவதாகச் சந்தோஷமாக எழுதியிருந்தார். தர்ஷினி அந்தப் பேப்பரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ரமேஷுக்குப் போன் பண்ண ஓடினார். எனக்கும் பாரம் இறங்கியது. தோட்டத்துக்கு நானே போய்ச் சொல்கிறேன் என்று கிளம்பினேன்.

போயிருக்கக் கூடாது. முத்தையா கேட்டுவிட்டுக் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"கருப்பையா அப்பன் செத்தப்ப நான் மொட்ட அடிச்சேனுங்க," என்றார். "பதினாறு நாள் தீட்டுக் காத்தேன். பங்காளின்னுதானே அடிச்சேன். இப்ப அது இல்லேங்குறீங்களா?"

பேப்பரில் அதற்கு ஒரு கட்டம் இல்லை. ரத்தத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள் தாத்தா, நீங்கள் செய்ததை யாரும் பார்க்கவில்லை என்றேன். அவர் தலையாட்டினார், ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை.

சிக்கல் அதோடு முடியவில்லை. தோட்டத்துக் கோயில் கமிட்டித் தலைவர் பேப்பரை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இங்கிலீசுல என்னா வேணும்னாலும் இருக்கட்டுங்க. இவங்க ரெண்டு பேரும் அண்ணன் தம்பின்னு கூப்புட்டுக்கிட்டு இருக்குற வரைக்கும் புள்ளைங்க அண்ணன் தங்கச்சிதான். நிச்சயத் தட்டு மாத்தும்போது பெரியவங்க வாயால மொறைய மாத்திக் கூப்புடட்டும். மச்சான்னு சொல்லட்டும். தோட்டம் ஒத்துக்கும்."

ஆக, கலியாணம் இரண்டு கிழவர்களின் வாயில் வந்து நின்றது. நிச்சயத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். முத்தையா தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தபோது தட்டு சாய்ந்து, வெற்றிலை கீழே சரிந்தது. கதவோரம் நின்ற தர்ஷினி சேலைத் தலைப்பைக் கையில் முறுக்கிக்கொண்டிருந்தார். முத்தையா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"மச்சான். புடிங்க."

கருப்பையா இரண்டு கையையும் நீட்டித் தட்டை வாங்கினார்.

"குடுங்கண்ணே," என்றார்.

கருப்பையாவுக்கு என்ன சொன்னோம் என்று அப்போதுதான் உறைத்தது. திருத்திச் சொல்ல வாயைத் திறந்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, அந்தச் சொல் மட்டும் வரவில்லை. எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் தர்ஷினியைப் பார்த்தார், பிறகு தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற இரண்டு கிழவர்களையும் பார்த்தார்.

"ஒருத்தரு மாத்திட்டாரு," என்றார். "மத்தவருக்குக் கொள்ளுப் பேரப்புள்ள பொறக்குற வரைக்கும் டைம் குடுப்போம். மேளத்தத் தட்டுங்கப்பா."

கலியாணம் தை மாதத்தில் நடந்தது. அதற்குப் பிறகும் வெளிநாட்டிலிருந்து இப்படிக் கிட்களோடு ஆட்கள் வந்திருக்கிறார்கள். டியூப்புக்குள் இருப்பதைப் பற்றி அந்த மெஷின் பொய் சொல்லாது, டியூப்புக்குள் யார் இருக்கிறார் என்பதற்கு நாம்தான் பொறுப்பு என்று சொல்லித்தான் எடுத்துக் கொடுத்தேன். நீங்கள் ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்று முதலில் கேட்டுக்கொள்வேன். முடிவு எப்படி வந்தாலும் அது மாறாது என்பவர்களை, வேண்டாம், காசைப் பிள்ளைகளுக்குச் செலவழியுங்கள் என்று திருப்பி அனுப்பியதும் உண்டு.

இரண்டு வருடம் கழித்து ஒரு காலையில் ராகலையிலிருந்து கருப்பையா வந்தார். தர்ஷினியின் பிள்ளைக்குக் காய்ச்சல், ரத்தம் பார்க்க வேண்டும், நுவரெலியாவில் பார்க்காமல் என்னிடமே கொண்டுவந்தார்கள். தாயும் பிள்ளையும் பின்னால் வந்தார்கள். அவர் இதற்குள் முறையை மாற்றிக் கூப்பிடப் பழகியிருப்பாரா என்று எனக்கு ஒரே ஆவல்.

"ஒங்க மச்சான் எப்புடி இருக்காரு?" என்று கேட்டேன்.

கருப்பையா ஒரு நிமிடம் யாரைக் கேட்கிறேன் என்று புரியாமல் விழித்தார்.

"யாரு, அண்ணனா? நல்லா இருக்காருங்க. கொள்ளுப் பேத்தியப் பாக்க வந்து ஒரு கெழமையாச்சு, நாங்க இன்னும் போக விடல."

வரிசையில் பதினைந்து பேர் நின்றார்கள். பிள்ளை அழுதுகொண்டிருந்தது. நான் அவசரப்படவில்லை. பிள்ளையின் முகத்தை நன்றாகப் பார்த்தேன், தாயிடம் பெயரைக் கேட்டேன், அதன் பிறகுதான் டியூப்பில் லேபலை ஒட்டினேன்.